பாக்கர் பாய் வாங்கிய கோடாலி

"இது என்ன, விறகா? தூணா?" என்று கேட்டாள் நஃபீசா.

காலை ஆறரை மணி. பெரியபட்டினத்தில் ஹமீதா பானு வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டியானை வண்டி கருவேலங்கட்டைகளை இறக்கிவிட்டு நின்றது. ஒவ்வொரு கட்டையும் தொடைப் பருமன் இருந்தது. வண்டியை ஓட்டி வந்தவளும் கட்டைகளை வெட்டியவளும் ஒருத்திதான், மாரிச்செல்வி. உள்நாட்டுக் கிராமத்துக்காரி. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள்.

"ரம்ப மெஷின் நேத்து பாதியில நின்னு போச்சுக்கா. முழத்துக்கு ஒரு துண்டு போட்டதோட சரி. பொளக்க முடியல."

"பொளந்து கொண்டாறேன்னுதானே சொன்ன?"

"சொன்னேன். இல்லேங்கல."

"கோடாலியாவது கொண்டாந்தியா?"

"கோடாலியெல்லாம் கரிமூட்டம் போடுற ஆளுக எடுத்துட்டுப் போயிட்டாக. வண்டியில அருவாளும் அரமுந்தான் கெடக்கு."

நஃபீசா மூன்று அடுப்புகளையும் ஒருமுறை பார்த்தாள். மண்வெட்டியால் தோண்டிய நீள அடுப்புகள். மேலே மூன்று பெரிய தேக்சாக்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் குந்தலாம். கேஸ் அடுப்பில் அந்தப் பாத்திரம் உட்காராது. முழுக்கட்டையில் தீயும் பிடிக்காது, நெய்ச்சோறும் வேகாது.

அன்று ஹமீதா பானுவின் மகள் மாஷிதாவுக்கு நிக்காஹ். நூறு சஹன் சாப்பாடு. சஹன் என்றால் பெரிய தாம்பாளம், ஒன்றைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நஃபீசா இதுவரை பெண்கள் கூடி ஓதும் மௌலூதுக்கும் கத்தத்துக்கும் சமைத்திருக்கிறாள், ஐந்து படி, பத்துப் படி. கல்யாணச் சோறு ஆக்குவது எப்போதும் பண்டாரி வாவு முகம்மதுதான். பெண்ணின் தாய் ஒற்றைக்காலில் நின்றதால் இந்த முறை கரண்டி நஃபீசாவின் கைக்கு வந்திருந்தது. இன்று சோறு நேரத்துக்கு இறங்காவிட்டால் அந்தக் கரண்டி மறுபடி அவள் கைக்கு வராது. அது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

பெண்ணின் தாய்மாமன் பாக்கர் அத்தர் வாசனையோடு கொல்லைக்கு வந்தார். ஒரு காலத்தில் இரண்டு வள்ளம் வைத்துக் கடல்தொழில் பார்த்தவர்.

"லாத்தா, எட்டரை மணி. அதுதான் கணக்கு. எட்டரைக்கு மூணு அடுப்புலயும் தீ எரியலேன்னா வாவு காக்காவைக் கூப்புட்டுருவேன். மாப்பிள்ளை வீட்டாளுக வெறுஞ் சஹனைப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியாது."

"கூப்புடுங்க. அவரு வந்து ஊதுனா கட்டை பொளந்துருமாக்கும்?" என்றாள் நஃபீசா.

"அவர்கிட்ட கோடாலி இருக்கு. இந்தத் தெருவுலயே உருப்படியான கோடாலி அவர்கிட்டத்தான் இருக்கு."

"அப்ப அதை மட்டும் இரவல் கேட்டா என்ன, காக்கா?" என்றாள் அவர் பின்னால் வந்த தங்கை ஹமீதா பானு.

"கோடாலியக் கேட்டீன்னா அதோட பண்டாரியும் வந்துருவாரு ஹமீதா," என்றாள் நஃபீசா. "அவரு வந்தா நான் வெங்காயம் உரிக்கிறவ."

பாக்கர் சிரித்தார். "எதுக்கு இரவல்? நான் ஒரு வாரத்துக்கு முன்னாடியே ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

மொட்டைமாடிக்குப் போய் எடுத்து வந்தார். சிவப்புப் பெயின்ட் அடித்த தலை. வார்னிஷ் பளபளக்கும் பிடி. பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்த வேனில் வாங்கியதாம். சுத்தியலும் டார்ச் லைட்டும் விற்ற அதே வேன்.

"ஆயுசுக்கும் கேரண்டின்னு சொல்லித்தான் குடுத்தான். நானும் சும்மா விடல. படகுப் பட்டறையில மெஷின்ல காட்டிக் கூர் ஏத்தினேன். பொறி எப்படிப் பறந்துச்சுங்குறீக! அப்புறம் மூணு நாள் உப்புத் தண்ணியில ஊறப்போட்டு வச்சேன்."

"எதுக்கு ஊறப்போட்டீக?" என்று கேட்டாள் மாரிச்செல்வி.

"பிடி உப்பி இறுகணும்ல? முந்தாநாள் ஆட்டிப் பாத்தேன், தலை இம்மி அசையல. துருப்பிடிச்சிறக் கூடாதேன்னு நேத்து பூரா மாடி வெயில்ல காய வச்சேன். எல்லாரும் தள்ளிக்கங்க."

யாரும் தள்ளி நிற்கவில்லை. பாக்கர் வேட்டியை மடித்துக் கட்டி, பிஸ்மில்லா சொல்லி ஓங்கினார். முதல் வெட்டில் கோடாலி கட்டையின் மேல் பட்டுத் துள்ளியது. தோலில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். இரண்டாவது வெட்டுக்கு இன்னும் உயரமாக ஓங்கினார். ஓங்கிய இடத்திலேயே தலை கழன்று பின்பக்கமாகப் பறந்து, ஹமீதா பானுவின் காதோரம் போய் நடுத் தேக்சாவில் மோதியது. கொல்லை முழுக்க மணியடித்த மாதிரி ஒரு சத்தம்.

"யா அல்லா!" ஹமீதா பானு காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாக்கர் வெறும் பிடியோடு நின்றார்.

"கேரண்டி தலைக்கா, பிடிக்கா?" என்று கேட்டாள் நஃபீசா. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. போய் ஹமீதா பானுவைத் தூக்கி நிறுத்தி, காதைத் தடவிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றாள்.

பாக்கர் பிடியைக் கீழே போட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"பாய், போனை உள்ள வைங்க," என்றாள் மாரிச்செல்வி. அவள் கையில் அந்தச் சிவப்புத் தலை இருந்தது. "இப்ப மணி என்ன?"

"ஆறு அம்பது."

"எட்டரைக்குத்தான சொன்னீக? எட்டரைக்குக் கூப்புடுங்க. கட்டை எங்கிட்டருந்து வந்துச்சு. பொளக்காம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

"தலை வேற, பிடி வேறயாக் கெடக்கு. எதை வச்சுப் பொளப்ப?"

"இதை வச்சுத்தான்."

"மாரி," என்றாள் நஃபீசா மெதுவாக, "எனக்காக வீம்பு பண்ணாத. யாருக்கும் அடி படக் கூடாது. அதுக்கு நான் வெங்காயமே உரிச்சுட்டுப் போறேன்."

"அடி படாமத்தான் பண்ணப் போறேன். அரை மணி நேரம் எங்கூட நில்லுக்கா. அரிசி ஊறட்டும்."

மாரிச்செல்வி பாக்கர் போட்ட பிடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இங்கன பாருங்க. நாரு குறுக்க ஓடுது. தலை பறக்கலேன்னா இது ஒடிஞ்சிருக்கும். மேல வார்னிஷ் வேற, கை வேர்த்தா வழுக்கும். ஏன் பாய், வள்ளத்தைக் கரையில ஏத்தி ஒரு மாசம் வெயில்ல போட்டா என்னாகும்?"

"பலகை சுருங்கி இடுக்கு விட்டுப்போகும். மறுபடி தண்ணியில எறக்குனா உப்பிச் சேந்துக்கும். அதுக்குத்தானே நான் ஊறப்..." பாக்கர் நிறுத்தினார்.

"வள்ளம் தண்ணியிலயே கெடக்கும். கோடாலி எங்க நிக்கும்?"

பாக்கர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். வெயில் அப்போதே ஏறியிருந்தது.

"ஊறுனப்ப காதுக்குள்ள இருந்த மரம் உப்பி நசுங்கிருச்சு. காஞ்சதும் முன்ன இருந்ததை விடச் சிறுத்துப்போச்சு," என்றாள் அவள். கோடாலித் தலையில் பிடி நுழையும் ஓட்டையைத்தான் காது என்றாள். "சரி போகட்டும். மெஷின்ல காட்டுனப்ப நடுவுல தண்ணியில முக்கினாகளா?"

"பொறி பறக்குறப்ப எதுக்குத் தண்ணி?"

"அதான் வாயெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்கு. சூடேறி இரும்போட தோய்ச்சல் போயிருச்சு, கெட்டியில்ல. இந்த விளிம்பு இப்ப இரும்பில்ல, ஈயம்."

"அப்ப குப்பையிலதான் போடணுமா?"

"நீலம் நகத்தளவுதான் இருக்கு. அதுக்கு உள்ள நல்ல இரும்பு இருக்கும். ராவி எடுத்துருவோம்."

இரண்டு கட்டைகளை நெருக்கி வைத்து நடுவில் கோடாலித் தலையைச் செருகினாள். வாய் மேலே பார்த்து நின்றது.

"அக்கா, இந்தக் கட்டை மேல உக்காரு. ஆடாம இருக்கணும்."

நஃபீசா உட்கார்ந்தாள். நிக்காஹ் வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "என்ன பண்டாரியம்மா, கோடாலி மேல உக்காந்தா சோறு வேகுதா?"

"வெந்ததும் உனக்குத்தான் முதல் அகப்பை. வாயில போடுறதா, தலையில போடுறதான்னு அப்ப பாத்துக்கிறேன்."

ஜன்னலில் சிரிப்பு எழுந்தது. மாரிச்செல்வி சிரிக்கவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அரத்தைப் போட்டாள். கர்ர், கர்ர். ஒவ்வொரு இழுப்புக்கும் நீலத் தூள் உதிர்ந்தது. இந்தப் பக்கம் இருபது, தலையைத் திருப்பி அந்தப் பக்கம் இருபது. கொஞ்ச நேரத்தில் நீலம் போய் வெள்ளை வந்தது. அரத்தின் சத்தமும் மாறியது.

"கேட்டியாக்கா? இப்பத்தான் இரும்பு பேசுது."

"நல்லா மெலிசா வை, மாரி. அருவாமணை மாதிரி."

"ஐயோ, வேண்டாம்! அருவாமணை மாதிரி வச்சா கருவேலத்துல முதல் வெட்டுலயே வாய் மடங்கிரும். விளிம்பு மட்டும் கூரா இருக்கணும். அதுக்கு மேல கொஞ்சம் வயிறு இருக்கணும், அப்பத்தான் கட்டைய விலக்கும். வேன்காரன் குடுத்தது வயிறு மட்டுந்தான்."

"எங்க காக்கா மாதிரி," என்றாள் ஹமீதா பானு. காதிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"உன் காதுக்கு ஒண்ணும் ஆகலைல்ல? அப்ப வாயை மூடு," என்றார் பாக்கர்.

பிறகு அரிவாள் தீட்டும் கல்லில் தண்ணீர் விட்டு, கல்லை வாயின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள் மாரிச்செல்வி. காய்ந்த கட்டையில் இரண்டு இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்தாள். பெருவிரல் நகத்தில் விளிம்பை வைத்தாள். வழுக்கவில்லை, நகத்தில் பிடித்து நின்றது. தலையின் பின்புறத்தில் கத்தி போல நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சிலும்பையும், காதின் உள்விளிம்பையும் அரத்தால் மழுக்கினாள்.

"இது எதுக்கு?" என்றார் பாக்கர். இப்போது அவர் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காதுக்குள்ள சிலும்பு இருந்தா கணைய, அதான் பிடிய, அறுத்துக்கிட்டே இருக்கும். தெரியாது. ஒருநாள் ஒடிஞ்சப்புறந்தான் தெரியும்."

"சரி, கணைக்கு எங்க போவ? மணி ஏழு முப்பத்தஞ்சு."

மாரிச்செல்வி வண்டிக்குப் போனாள். பாரத்தைக் கட்டிய கயிற்றை முறுக்கி இறுக்க ஒரு கம்பு வைத்திருந்தாள். அதை உருவிக்கொண்டு வந்தாள். கருத்து மினுமினுத்த கம்பு.

"விடத்தலை மரம். நாலு வருசமா இதுலதான் கயிறு முறுக்குறேன். இத்தனை பாரத்துக்கும் ஒருநாள் முனகல."

"அது உன் தொழில் கம்புல்ல? வெட்டிட்டா நீ பாரம் கட்ட என்ன செய்வ?" என்றாள் நஃபீசா.

"இன்னிக்கி பாரம் எறங்கியாச்சு. உன் பாரம்தான் பாக்கி."

கம்பு ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் இருந்தது. அரிவாளால் செதுக்கினாள். உடைந்த கண்ணாடிச் சில்லால் வழித்தாள். பிறகு ஒல்லி முனையைக் காதின் மேல்பக்கமாக நுழைத்துக் கீழே இழுத்தாள். பாக்கர் பதறினார்.

"ஏலா, தலைகீழா மாட்டுற! பிடியைக் கீழருந்துல்ல ஏத்தணும்? அப்படித்தான் இருந்துச்சு."

"அப்படி இருந்ததுனாலதான் பறந்துச்சு. பிக்காசைப் பாத்ததில்லையா பாய்? மேலருந்து மாட்டுனா தடிச்ச முனை மேல நிக்கும். வீசுறப்ப தலை மேல போகத்தான் பாக்கும். போகப் போக இறுகும். ஆப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், ஊறப்போடவும் வேண்டாம்."

பாக்கர் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக் காற்றில் ஒருமுறை மாட்டிப் பார்த்துக்கொண்டார்.

மாரிச்செல்வி கோடாலியைத் தலைகீழாகப் பிடித்துக் கணையின் தடித்த முனையைக் கல்லில் குத்தினாள். டக், டக், டக். ஒவ்வொரு குத்துக்கும் தலை அந்த முனையை நெருங்கி இறுகியது. தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கிக் கணை முழுக்கத் தடவித் துடைத்தாள். தலைக்குக் கீழே ஒட்டினாற்போல் ஒரு கரிக்கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே இருங்க. பத்து வெட்டு வெட்டுறேன். தலை கோட்டை விட்டு விலகிக்கிட்டே போச்சுன்னா வெட்டை நிறுத்திருவேன். நீங்க போன் பண்ணிக்கங்க. ஹமீதாக்கா, சமையல்கட்டுக்குள்ள போங்க. எனக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆள் நிக்கக் கூடாது."

இந்த முறை எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

"இரு, இரு," என்று பாக்கர் ஓடினார். வள்ளத்தின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடும் பழைய டயர் ஒன்று சுவரோரம் கிடந்தது. அதை உருட்டி வந்தார். "கட்டைய இதுக்குள்ள நிறுத்து. பொளந்தா சிதறிப் பறக்காது. எனக்கும் கொஞ்சம் தெரியும்."

"அட! இது எங்கூருல யாருக்கும் தோணலையே பாய்," என்றாள் மாரிச்செல்வி. பாக்கரின் முகம் அன்று முதன்முதலாக மலர்ந்தது.

பத்து வெட்டு. முதல் வெட்டில் கோடாலி துள்ளவில்லை, கடித்து நின்றது. மூன்றாவதில் கட்டையின் வெடிப்பைப் பார்த்துப் போட்டாள். 'படார்' என்று இரண்டாகப் பிளந்து டயருக்குள்ளேயே சாய்ந்தது. உள்ளே மஞ்சள் மரம் மின்னியது. நான்கு, ஐந்து, ஆறு. பத்தாவது முடிந்ததும் கோடாலியை நஃபீசாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கோடு என்ன சொல்லுது?"

நஃபீசா குனிந்தாள். தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அவள் முகம் சுருங்கியது. "விலகியிருக்கே, மாரி. ஒரு நெல்லளவு."

பாக்கர் மணி பார்த்தார். ஏழு ஐம்பத்தெட்டு.

"தலை இப்பத்தான் கணைல உக்காருது, அக்கா. புதுசா கோடு போடு. இன்னும் பத்து," என்றாள் மாரிச்செல்வி.

நஃபீசாவே கரியை எடுத்துப் புதுக்கோடு போட்டாள். அவசரத்தில் கோடு வளைந்தது. மறுபடி பத்து வெட்டு. மூன்று கட்டைகள் பிளந்தன. அரிசி களைந்துகொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள். நஃபீசா குனிந்து பார்த்தாள், விரலால் தடவினாள், மறுபடி பார்த்தாள்.

"ஒட்டிக்கிட்டு நிக்குது! மயிரிழை விலகல!"

"அப்ப என்னக்கா எங்கிட்ட நிக்கிற? அடுப்புக்குப் போ!"

நஃபீசா ஓடினாள். பனையோலையைத் திணித்து, மேலே சிராய்களைப் பரப்பி, பிளந்த விறகைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள். மாரிச்செல்வி பிளந்துகொண்டே இருந்தாள். பாக்கர் அத்தர் போட்ட சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, விறகை அள்ளி அள்ளி அடுப்புக்கு ஓடினார். முதல் அடுப்பு எட்டு பத்துக்குப் பிடித்தது. இரண்டாவது எட்டு இருபதுக்கு. மூன்றாவதில் ஓலை புகைந்தது, எரியவில்லை. நஃபீசா தரையில் படுத்து ஊதினாள். எட்டு இருபத்தேழுக்குக் குப்பென்று பற்றியது.

"மூணு!" என்று கத்தினாள். முகமெல்லாம் சாம்பல். "பாக்கர், மூணு! எண்ணிக்கங்க!"

"எண்ணிட்டேன் லாத்தா, எண்ணிட்டேன். நெய்யை ஊத்துங்க!"

நெய் சூடேறும் நேரத்தில் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வாவு முகம்மது வந்தார். வெள்ளைத் தாடி, முண்டா பனியன், தோளில் கோடாலி.

"புகை தெரியலேன்னு பாத்துட்டே இருந்தேன். கட்டை பெருசா வந்துருச்சாமே? போன் வரும்னு நெனச்சேன், வரல. சரி, நம்ம பாக்கர்தானே, நாமளே போவோம்னு..."

பேச்சு அப்படியே நின்றது. மூன்று அடுப்பும் எரிந்தன. நடுத் தேக்சாவில் நெய் காய்ந்து பட்டை கிராம்பு பொரியும் வாசனை எழுந்தது. நஃபீசா எழுந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டாள், கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க காக்கா. உக்காருங்க, டீ போடச் சொல்றேன். பந்தி ஒரு மணிக்கு."

வாவு முகம்மது மூன்று அடுப்பையும் பார்த்தார். தீயின் அளவைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது.

"கட்டை இன்னும் கெடக்கே. வந்ததுக்கு நானும் நாலு பொளந்து தாரேன்," என்றார்.

"அண்ணே, ஒரு நிமிசம்." மாரிச்செல்வி அவர் கோடாலியை வாங்கித் தலையைப் பிடித்து ஆட்டினாள். மெல்ல 'கடக்' என்றது. "தலை ஆடுது. இதை இங்கன ஓங்கக் கூடாது."

"ஆடுதா? போன வாரம் கூட ஊறப்போட்டு எடுத்தேனே!"

பாக்கர் முன்னால் வந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "காக்கா, வள்ளம் வேற, கோடாலி வேற. வள்ளம் தண்ணியில கெடக்கும், கோடாலி வெயில்ல நிக்கும். ஊறப்போட்டா மரம் நசுங்கிரும். இது தெரியாமலா இத்தனை வருசம் கோடாலி வச்சிருக்கீக?"

ஹமீதா பானு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜன்னலில் வெடித்த சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் வாவு முகம்மது திகைத்தார்.

"அப்ப அந்தக் கோடாலி ஏது?"

"நான் வாங்குனது," என்றார் பாக்கர்.

நிக்காஹ் பன்னிரண்டுக்கு முடிந்தது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து பந்தி உட்கார்ந்தபோது நஃபீசா நடுத் தேக்சாவின் மூடியைத் திறந்தாள். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நிமிர்ந்து நின்றது. நூறு சஹனும் போய்விட்டு, மறுசோறு கேட்டு ஆள் வந்தது. வெறும் சஹனோடு வந்தவர் பாக்கர்.

"வாவு காக்கா உக்காந்திருக்குற சஹனுக்கு. மூணாவது தடவை."

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாவு முகம்மது தானே அடுப்படிக்கு வந்தார்.

"நஃபீசா, அடுத்த மாசம் என் மகன் வழிப் பேத்திக்கு நிக்காஹ். எங்க வீட்டு விசேஷம் எதுலயும் நான் பந்தியில உக்காந்ததில்ல. எல்லாரும் சாப்புடுறப்ப நான் அடுப்படியில நிப்பேன். இந்தத் தடவை நான் உக்காந்து சாப்புடணும். நீ ஆக்கிப் போடுறியா?"

நஃபீசா கரண்டியைக் கழுவி, துடைத்து, சுவரில் சாய்த்தாள்.

"எத்தனை சஹன்?"

"நூத்தைம்பது."

"ஆக்குறேன். ஆனா ஒண்ணு காக்கா. விறகு மாரி கொண்டாருவா. உங்க கோடாலிக்குக் கணையும் அவதான் போடுவா. அதுவரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது."

"சரிங்க, பண்டாரி," என்றார் வாவு முகம்மது.

மாலையில் மாரிச்செல்வி வண்டியை எடுக்கப் போனாள். அவள் வீட்டுக்கென்று ஒரு பெரிய சட்டி நிறைய நெய்ச்சோறும் கறியும் ஏறியிருந்தது. சட்டி உருளாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினாள். முறுக்கக் கம்பு தேடியவள், சுவரோரம் கிடந்த வார்னிஷ் பிடியைக் கண்டாள். எடுத்துக் கயிற்றில் செருகி இரண்டு முறுக்கு முறுக்கினாள். சட்டி அசையாமல் நின்றது.

"பாய், இதை நான் எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க, எடுத்துக்க," என்றார் பாக்கர் கொல்லையிலிருந்து. ஓமானிலிருந்து வந்திருந்த இரண்டு சொந்தக்காரர்களைப் பக்கத்தில் நிறுத்தி, கோடாலியை அவர்கள் மூக்குக்கு நேரே பிடித்து, வளைந்த கரிக்கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஆயுசுக்கும் கேரண்டி உள்ள சாமான்!"